ஹேவ்லாக் பவளப்பாறையில் ஸ்கூபா: மூச்சில் தொடங்கி மீன் வரை ஒரு முழு வழிகாட்டி

அந்தமான் போய் ஸ்கூபா செய்துவிட்டு வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், "நீமோ பார்த்தேன், கலர் கலரா மீன் பார்த்தேன்" என்பதோடு பெரும்பாலும் பேச்சு முடிந்துவிடும். அதே இடத்தில், அதே நேரத்தில், பக்கத்திலேயே இறங்கிய டைவ் மாஸ்டர் (நீருக்குள் வழிகாட்டுபவர்) ஒரு பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்), இரண்டு அஞ்சாளை (மொரே விலாங்கு), மணலில் புதைந்த ஒரு திருக்கை என்று அடுக்கிக்கொண்டே போவார். இதில் அதிர்ஷ்டத்துக்குப் பெரிய பங்கில்லை. அவருக்கு நீருக்குள் அசையாமல் நிற்கத் தெரியும். நாம் தத்தளித்துக்கொண்டே கடந்து போயிருப்போம். மீன் பார்க்கத்தான் இந்த வழிகாட்டி. ஆனாலும் இதில் பாதிக்கு மேல் மூச்சும் மிதப்புமாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

ஹேவ்லாக் தீவை வைத்தே எழுதுகிறேன். 2018 முதல் அதன் அரசுப் பெயர் சுவராஜ் தீவு. ஆனால் படகுத்துறையிலும் டைவ் கடைகளிலும் இன்றும் ஹேவ்லாக்தான்.

டிக்கெட் போடும் முன்

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு (2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆனது) நேரடி விமானம் உண்டு. அங்கிருந்து ஹேவ்லாக் கப்பல் பயணம். தனியார் வேகப் படகில் ஒன்றரை மணி நேரம், அரசுக் கப்பலில் இரண்டரை மணி நேரம் வரை. கடல் கொந்தளித்தால் கப்பல் ரத்தாகும். அதனால் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவையாவது போர்ட் பிளேரில் கழிப்பதுபோல் திட்டமிடுங்கள்.

மாதம் முக்கியம். மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். அக்டோபர், நவம்பரிலும் புயல் சின்னங்கள் உருவாகும் வங்கக்கடல் இது. கடல் அமைதியாகவும் நீர் தெளிவாகவும் இருக்க ஜனவரி முதல் ஏப்ரல் வரை நம்பிப் போகலாம். தேதி தேர்ந்தெடுக்க வழி இருந்தால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களைத் தவிர்ப்பது நல்லது. அப்போது ஏற்ற இறக்கம் அதிகம், நீரோட்டம் வலுக்கும், அடியில் கலங்கல் கூடும். முதல்முறை இறங்குபவருக்கு இந்த ஒரு விஷயமே டைவைக் கெடுத்துவிடும்.

இன்னொன்று, பலர் கடைசியில் கேட்டு அதிர்வது: டைவ் செய்த கையோடு விமானம் ஏறக்கூடாது. அழுத்தத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடலில் கரைந்து தங்கும். விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைவதால் அது குமிழிகளாக வெளிவரலாம். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ்கள் என்றால் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். நான் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்வது, கடைசி ஒரு நாள் முழுக்கத் தரையில் இருங்கள். ராதாநகர் கடற்கரைக்கு அந்த நாளை ஒதுக்கினால் கணக்குச் சரியாகிவிடும்.

ஒரு மணி நேர டைவா, நாலு நாள் கோர்ஸா?

கடைகளில் இரண்டும் 'ஸ்கூபா' என்றே விற்கப்படும். இரண்டும் ஒன்றல்ல.

முதலாவது, அறிமுக டைவ். நீச்சல் தெரிய வேண்டியதில்லை. ஆழமில்லாத நீரில் சிறிது பயிற்சி, பிறகு பயிற்றுநர் உங்களைப் பிடித்தபடியே அழைத்துப் போவார். உச்ச ஆழம் 12 மீட்டர். நடைமுறையில் பலர் அதில் பாதிக்குத்தான் போவார்கள். பத்து வயதிலிருந்து செய்யலாம்.

இரண்டாவது, ஓப்பன் வாட்டர் கோர்ஸ். பாடி (PADI), எஸ்எஸ்ஐ (SSI) போன்ற டைவ் பயிற்சி அமைப்புகளின் சான்றிதழ் இது. மூன்று நான்கு நாட்கள் ஆகும். பாடம், குளம் அல்லது ஆழமில்லாக் கடலில் பயிற்சி, பிறகு கடலில் நான்கு டைவ்கள். இதற்கு நீச்சல் வேண்டும்: 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும், 10 நிமிடம் மிதக்க வேண்டும். வேகம் பார்க்க மாட்டார்கள். முடித்தால் 18 மீட்டர் வரை ஒரு துணையோடு நீங்களே இறங்கலாம். அடுத்த நிலையான அட்வான்ஸ்டு முடித்தால் 30 மீட்டர்.

உயிரினங்களைப் பார்க்கவேண்டும் என்பதே ஆசை என்றால் கோர்ஸ்தான் என் பரிந்துரை. அறிமுக டைவில் உங்கள் உடலை இன்னொருவர் நகர்த்துகிறார். எங்கே நிற்பது, எதை எவ்வளவு நேரம் பார்ப்பது என்பது உங்கள் கையில் இல்லை. பாடத்தையும் குளப் பயிற்சியையும் சென்னையிலோ புதுச்சேரியிலோ முடித்துவிட்டு, கடல் டைவ்களை மட்டும் அந்தமானில் செய்யும் ஏற்பாடும் உண்டு. விடுமுறை நாட்கள் மிச்சமாகும்.

கடையைத் தேர்ந்தெடுக்கும்போது விலையை விட மூன்று கேள்விகள் முக்கியம். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? படகில் அவசர ஆக்சிஜன் இருக்கிறதா? மருத்துவப் படிவம் தருகிறார்களா? படிவமே தராமல் வெட்சூட்டை (உடலோடு ஒட்டும் டைவ் உடை) நீட்டும் இடத்தைவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

அந்தப் படிவத்தில் பொய் எழுதாதீர்கள். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, காது அறுவை, கர்ப்பம் என்றால் மருத்துவர் சொல்லாமல் இறங்கக் கூடாது. சாதாரண ஜலதோஷமும் தடைதான். மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு சமாளிக்கலாம் என்று தோன்றும். அதன் வேகம் அடியில் இருக்கும்போது குறைந்தால், ஏறுகையில் காதில் அடைபட்ட காற்று வெளியேற வழியின்றி வலி எடுக்கும்.

கருவிகளில் கவனிக்க வேண்டியது மாஸ்க் மட்டும்

சிலிண்டர், அதன் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டர், காற்றை ஏற்றி இறக்கும் பிசிடி ஜாக்கெட் எல்லாம் கடையே தரும், சரிபார்த்தும் தரும். மாஸ்க்கை மட்டும் நீங்களே தேர்ந்தெடுங்கள். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுங்கள். கைவிட்டாலும் விழாமல் ஒட்டி நின்றால் அது உங்கள் அளவு. மீசை தடித்திருந்தால் நீர் கசியும். மேலுதட்டுக்கு மேல் ஒரு கோடு மழித்துக்கொண்டால் போதும். பவர் கண்ணாடி போடுபவர்கள் பவர் உள்ள மாஸ்க் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். கண்ணாடி மங்காமல் இருக்க உள்பக்கம் எச்சில் தடவி அலசுவது பழைய வழி. ஒரு சொட்டு குழந்தை ஷாம்பூவும் வேலை செய்யும்.

சன்ஸ்க்ரீனுக்குப் பதில் முழுக்கைச் சட்டை போடுங்கள். பல கிரீம்களில் உள்ள ஆக்ஸிபென்சோன் பவளத்துக்கு ஆகாது.

இறங்குவது

பத்து மீட்டர் இறங்கினாலே அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு. இந்த மாற்றத்தில் பெரும்பகுதியைக் காது முதல் சில மீட்டர்களிலேயே உணரும். அதனால் கால் கீழே, தலை மேலே என்ற நிலையில் மெல்ல இறங்குங்கள். மூக்கைப் பிடித்து மென்மையாக ஊதுங்கள். வலி வருவதற்கு முன்பே, ஒவ்வொரு அரை மீட்டர், ஒரு மீட்டருக்கும் ஊத வேண்டும். வலி வந்துவிட்டால் அழுத்தி ஊதாதீர்கள். ஒரு மீட்டர் மேலேறி மறுபடி முயலுங்கள். நங்கூரக் கயிறு இருந்தால் அதைப் பிடித்தபடி இறங்குவது எளிது.

எல்லா விதிக்கும் மேலான விதி ஒன்று: மூச்சை அடக்கக் கூடாது. பத்து மீட்டரில் நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மேற்பரப்புக்கு வரும்போது இரண்டு மடங்காக விரியும். வெளியேற வழி இல்லாவிட்டால் நுரையீரலைக் கிழிக்கும். மெல்ல இழுப்பது, அதைவிட மெல்ல விடுவது. இதுவே பாதுகாப்பு, இதுவே மிதப்பு, கடைசியில் மீன் பார்க்கும் கலையும் இதுவே.

கை சைகைகளில் புதியவர்கள் தவறுவது ஒன்றில்தான். கட்டைவிரலை உயர்த்தினால் 'சூப்பர்' என்று பொருளல்ல. 'மேலே போகலாம்' என்று பொருள். நன்றாக இருக்கிறேன் என்பதற்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வட்டம். காதைச் சுட்டிக் கையை அசைத்தால் காதுவலி.

மிதப்பு: இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

முதல் டைவில் எல்லோரும் கையால் துழாவுவார்கள். கை அசைய மூச்சு வாங்கும், மூச்சு வாங்க உடல் ஏறி இறங்கும், அதைச் சமாளிக்க மறுபடி கை அசையும். இந்தச் சுழலை உடைக்க முதல் வேலை, இரண்டு கைகளையும் வயிற்றின் முன்னால் கோத்துக்கொள்வது.

அடுத்தது எடை. வெட்சூட் மிதக்கும் என்பதால் இடுப்பில் ஈயக்கட்டி கட்டுவார்கள். படகில் ஏறியதும் 'ரெண்டு எக்ஸ்ட்ரா போடு, இறங்கட்டும்' என்று கேட்கும் குரல் சகஜம். அதிக எடை போட்டால் அதை ஈடுகட்ட ஜாக்கெட்டில் அதிகக் காற்று வேண்டும். கால் தொங்கும், காலில் மாட்டிய ஃபின் பவளத்தில் இடிக்கும். சரியான எடையைச் சோதிக்க ஒரு வழி: மேற்பரப்பில் ஜாக்கெட் காற்றை முழுதும் விட்டுவிட்டு, சாதாரண மூச்சில் நிமிர்ந்து மிதந்தால் நீர்மட்டம் கண்ணருகே நிற்க வேண்டும். மூச்சை வெளியே விட்டால் அமிழ வேண்டும். டைவ் முடிவில் சிலிண்டர் காலியாகி லேசாகும் என்பதால் ஒரு கட்டி கூடுதலாக வைப்பார்கள், அவ்வளவுதான்.

அடியில் போனதும் மணல் திட்டு ஒன்றைத் தேடி, அதன் மேல் அரை மீட்டர் உயரத்தில் படுக்கை நிலையில் நில்லுங்கள். ஜாக்கெட் பொத்தானைத் தொடாமல் மூச்சால் மட்டும் ஏறி இறங்கிப் பாருங்கள். இழுத்தால் உடனே ஏறாது. ஓரிரு விநாடி கழித்துத்தான் ஏறும். இந்தத் தாமதம் பழகிவிட்டால் மிதப்பு வசப்பட்டுவிடும். பவளத்தின் மேல் இதைப் பழகாதீர்கள். உருண்டைப் பவளங்களில் பல வகைகள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும்; ஃபின் ஒரு தட்டுத் தட்டினால் பல ஆண்டு வளர்ச்சி போய்விடும். ஏற்கெனவே 2010இல் கடல் சூடேறி அந்தமான் பவளங்கள் பெருமளவு வெளுத்தன. ஆழமில்லாத இடங்களில் உடைந்த கிளைகள் குவிந்து கிடப்பதைப் பார்ப்பீர்கள்.

காற்றுக் கணக்கும் இதோடு சேர்ந்ததுதான். வழக்கமான அலுமினிய சிலிண்டர் சுமார் 11 லிட்டர் கொள்ளளவு, 200 பார் அழுத்தத்தில் நிரப்புவார்கள். 50 பார் மிச்சத்தோடு மேலே வர வேண்டும். நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் பத்து மீட்டர் ஆழத்தில் 40 லிட்டர் இழுப்பார். கையில் இருப்பது நாற்பது நிமிடம். பதறுபவருக்கு அதுவே இருபத்தைந்தாகும். அமைதியாக மிதப்பவர் கூடுதலாகப் பார்க்கும் மீன்களில் பாதி இந்தக் கூடுதல் நிமிடங்களில் வருபவை.

எந்த இடம்

புதியவர்களுக்கு நீமோ ரீஃப். கரையிலிருந்தே நடந்து இறங்கலாம், ஆழமில்லை. லைட்ஹவுஸ் படகில் போகும் இடம், இரவு டைவுக்கும் பேர் பெற்றது. படகுத்துறைக்கு அருகிலுள்ள 'தி வால்' செங்குத்தாக இறங்கும் பாறைச் சுவர். ஓப்பன் வாட்டர் முடித்தவர்கள் அதன் மேல்பகுதியைப் பார்க்கலாம். டிக்சன்ஸ் பினாக்கிள், ஜானிஸ் கார்ஜ் இரண்டும் அட்வான்ஸ்டு முடித்தவர்களுக்கு. அங்கே கூட்டமாகச் செப்பிலி மீன்களும், வெள்ளை முனைச் சுறாக்களும் வரும். முதல் பயணத்திலேயே ஜானிஸ் கார்ஜுக்கு ஆசைப்பட வேண்டாம். நீமோ ரீஃபின் மணல் திட்டைச் சரியாகப் பார்க்கத் தெரிந்தவருக்கு ஒரு வாரம் போதாது.

எப்படிப் பார்ப்பது

நீருக்குள் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், கால் பங்கு அருகிலும் தெரியும். சிவப்பு நிறம் முதல் சில மீட்டர்களிலேயே மங்கிப்போகும். பத்து மீட்டரில் இரத்தச் சிவப்பு மீனும் பழுப்பாகத்தான் இருக்கும். அதனால் பகல் டைவிலும் சின்ன டார்ச் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பொந்துக்குள் ஒளியைப் பாய்ச்சினால் நிறம் திரும்பி வரும். நேராக முகத்தில் அடிக்காமல் ஓரத்தில் அடியுங்கள்.

நீந்திக்கொண்டே தேடாதீர்கள். ஒரு பாறையைத் தேர்ந்தெடுத்து, எதிரே இரண்டு மீட்டர் தள்ளி நின்று, ஐந்து நிமிடம் மூச்சு மட்டும் விடுங்கள். நீங்கள் வந்தபோது ஒளிந்தவை ஒவ்வொன்றாக வெளியே வரும். காதுக்குள் பொரிவதைப் போல ஓயாமல் ஒரு படபடப்புக் கேட்கும்; அது சொடக்கு இறால்கள் கொடுக்கை மூடித் திறக்கும் ஓசை. நடுவே கடகடவென்று கடிக்கும் சத்தம் வந்தால் திரும்பிப் பாருங்கள், கிளிமீன் பவளத்தைச் சுரண்டுகிறது. அலகால் கடித்து, அரைத்து, பாசியைச் செரித்துவிட்டுச் சுண்ணாம்பை வெள்ளைத் துகளாகக் கழித்துக்கொண்டே நீந்தும். வெப்பமண்டலக் கடற்கரைகளின் வெள்ளை மணலில் கணிசமான பங்கு இப்படி வந்ததுதான்.

*மணல் திட்டு.* எல்லோரும் தாண்டிப் போகும் இடம். எனக்குப் பிடித்ததும் இதுதான். சுண்டுவிரல் நுழையும் துளையைத் தேடுங்கள். வாசலில் கோபி என்ற சிறு மீன் தரையோடு ஒட்டி, தலையை வெளியே நீட்டி நிற்கும். மூன்று மீட்டர் தள்ளியே நின்று, வயிறு தரையில் படாமல் காத்திருங்கள். கொஞ்ச நேரத்தில் துளைக்குள்ளிருந்து ஒரு இறால் கொடுக்குகளில் மணலைத் தள்ளிக்கொண்டு வரும், கொட்டும், திரும்பும், மறுபடி வரும். அதற்குப் பார்வை மிக மங்கல். வெளியே இருக்கும் நேரமெல்லாம் ஒரு மீசையை மீனின் உடலில் வைத்தபடியே இருப்பதை உற்றுப் பார்த்தால் காணலாம். நீங்கள் ஓர் அடி நெருங்கினால் மீன் வாலை ஒரு துடிப்புத் துடிக்கும், இறால் உள்ளே. இன்னோர் அடி வைத்தால் மீனும் உள்ளே. எவ்வளவு நெருங்கலாம் என்பதை அதன் வாலே சொல்லிவிடும்.

அதே மணலில் இரண்டு கண்கள் மட்டும் மேடாகத் தெரிந்தால் திருக்கை. நீலப்புள்ளித் திருக்கை இங்கே அடிக்கடி கிடைக்கும். வால் பக்கம் போகாதீர்கள்.

*கடல் சாமந்தி.* பூப்போல விரிந்து பாறையில் ஒட்டியிருக்கும் உயிரி, நீமோ என்கிற கோமாளி மீனின் வீடு. கூட்டத்தில் பெரியது பெண், அடுத்தது அதன் துணையான ஆண், மீதி சின்னவை. பெண் இறந்தால் அந்த ஆண் பெண்ணாக மாறும். பொதுவாக எல்லோரும் முகத்தை அருகே கொண்டுபோய்ப் படம் எடுப்பார்கள், மீன் பதறிப் பாயும். விலகி நின்று, சாமந்தியின் அடிப்பக்கப் பாறையைப் பாருங்கள். ஆரஞ்சு அல்லது வெள்ளிநிறப் புள்ளிகளாக முட்டைகள் ஒட்டியிருந்தால், ஆண் மீன் துடுப்பால் விசிறி அவற்றுக்கு நீரோட்டம் கொடுத்துக்கொண்டிருக்கும்.

*துப்புரவு நிலையம்.* பெரிய களவா மீன் ஒன்று வாயைத் திறந்து, செவுளை விரித்து அசையாமல் நின்றால் அருகே போகாதீர்கள். விரல் நீளத்தில் நீலக்கோடு போட்ட கிளீனர் ராஸ் வாய்க்குள் நுழைந்து ஒட்டுண்ணிகளைத் தின்றுகொண்டிருக்கும். வரிசையில் இன்னும் மீன்கள் காத்திருக்கும். இதே உடையில் வந்து, வாடிக்கையாளரின் துடுப்பைக் கடித்துக்கொண்டு ஓடும் போலி மீனும் ஒன்றுண்டு.

*பொந்துகள்.* அஞ்சாளை வாயைத் திறந்து திறந்து மூடுவது மிரட்டல் அல்ல. அப்படித்தான் அது மூச்சு விடுகிறது. விரலை நீட்டினால் மட்டும் வேறு கதை. காலியான சிப்பி, நண்டு ஓடுகள் ஒரு பொந்தின் வாசலில் குவிந்திருந்தால் உள்ளே பேய்க்கணவாய் இருக்கலாம்.

*கடலாமை.* மேலிருந்து நெருங்காதீர்கள், மூச்செடுக்க ஏறும் வழியை மறிக்காதீர்கள். பாறையில் பஞ்சுயிரிகளைக் கொத்தித் தின்றால் பெரும்பாலும் அழுங்காமை; கடற்புல்லில் மேய்ந்தால் பேராமை.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை

சுறாவுக்குப் பயந்து வருபவர்கள் கிளாத்தி மீனைக் கண்டுகொள்வதில்லை. டைட்டன் கிளாத்தி முட்டை காக்கும் காலத்தில் துரத்திக் கடிக்கும். அது காக்கும் எல்லை கூட்டிலிருந்து மேல்நோக்கி விரிந்துகொண்டே போகும் என்பதால் மேலே தப்பிக்க நினைக்காதீர்கள். ஃபின்னை அதன் பக்கம் வைத்துக்கொண்டு கிடைமட்டமாக விலகுங்கள்.

கல்லோடு கல்லாகக் கிடக்கும் ஸ்டோன்ஃபிஷ், விசிறித் துடுப்புள்ள லயன்ஃபிஷ் இரண்டின் முள்ளும் விஷம். குத்திவிட்டால் டைவை முடித்து மேலே வந்து, தோல் வேகாத அளவு பொறுக்கக்கூடிய வெந்நீரில் (45 டிகிரிக்கு மேல் வேண்டாம்) வைத்துக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும். கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட கடல் விரியன் கடும் விஷமுள்ளது, ஆனால் சாது. அது பாட்டுக்குப் பொந்து பொந்தாக நுழைந்து விலாங்கு தேடும். பிடிக்காதவரை பயமில்லை.

கரையோரத்தில் முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தால் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தமானில் உவர்நீர் முதலைகள் உண்டு; ஹேவ்லாக்கில் 2010இல் ஒருவர் இறந்திருக்கிறார்.

எதையும் எடுத்து வராதீர்கள். பவளம், கடல் அட்டை, கடல் குதிரை எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. கரை ஒதுங்கிய செத்த பவளத் துண்டுக்கும் விலக்கில்லை. விமான நிலையத்தில் பையைத் திறந்து காட்ட வேண்டிவரும்.

ஏறுவதும், ஏறிய பிறகும்

நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் வேண்டாம். ஏறும்போது ஜாக்கெட்டில் காற்று விரியும், அதை விட்டுக்கொண்டே வர வேண்டும். ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பது வழக்கம். அந்த மூன்று நிமிடத்தில் கடிகாரத்தைப் பார்த்துச் சலித்துக்கொள்ளாமல் நீல வெளியைப் பாருங்கள். சீலா மீன் கூட்டம் பெரும்பாலும் அப்போதுதான் கடக்கும்.

படகேறியதும் தண்ணீர் குடியுங்கள். காதை நல்ல நீரில் அலசி, தலையைச் சாய்த்து வடியவிட்டுத் துடையுங்கள். பஞ்சுக் குச்சி வேண்டாம்.

அன்று மாலையே பார்த்ததை எழுதி வையுங்கள். நிறத்தை நம்பி எழுதினால் அடையாளம் காண முடியாது, நீருக்குள் நிறம் மாறிவிடும். இந்த வரிசையில் குறிப்பது எனக்கு உதவியிருக்கிறது: எவ்வளவு நீளம், வால் பிளவா வட்டமா, கண்ணின் குறுக்கே கோடு உண்டா, உடலில் கோடுகள் நெடுக்கா குறுக்கா, தனியாகவா ஜோடியாகவா கூட்டமாகவா, மணலிலா பாறையிலா நடுநீரிலா. வண்ணத்துப்பூச்சி மீன்களில் மட்டும் இந்தக் கண் கோடும் வால் பக்கப் புள்ளியும் இல்லாமல் ஒன்றை ஒன்றிலிருந்து பிரிப்பது கடினம். படம் இருந்தால் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் இடம், ஆழம், தேதியோடு ஏற்றுங்கள்; பெயர் தெரிந்தவர்கள் சொல்வார்கள். மறுநாள் காலை அதே டைவ் மாஸ்டரிடம் அந்தக் குறிப்பைக் காட்டி, இது எந்தப் பாறையில் இருந்தது என்று கேட்டுக்கொண்டு, அங்கேயே மறுபடி இறங்குங்கள்.